தோல் காக்கும் தாளும் தொட்டுத் துடைக்கும் கையும்

சபர் சென்றவர் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அந்தந்தக் காலத்தின் தேவை இன்னதென்று தெரிந்துவிடும். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில், லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில், வெளிநாட்டுச் சம்பாத்தியம் நேற்று இன்று வந்ததன்று. பாட்டனார் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கோடாலித் தைலமும் கைலியும் வந்தன. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற அடுத்த தலைமுறை அத்தரும் சோப்பும் பால்மாவும் கொண்டுவந்தது. இப்போதோ, பெட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு வருபவை பெரியவர்களுக்கான டயப்பர்களும், ‘வெட் வைப்ஸ்’ எனப்படும் ஈரத் துடைதாள்களுமே. தொட்டில் ஆடும் வீட்டுக்கு மட்டுமன்றி, படுத்த படுக்கையாய்ப் பெற்றோர் கிடக்கும் வீட்டுக்கும் அவை தேவைப்படுகின்றன.

இந்தத் தாளைப் பற்றி நம் வீடுகளில் இருவிதமான பேச்சு உண்டு. “தண்ணீர் இருக்கத் தாள் எதற்கு? எல்லாம் சோம்பேறித்தனம்” என்பார் ஒரு சாரார். “வெளிநாட்டுச் சரக்கு, லோஷன் கலந்தது, இது ஒன்றே போதும்” என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் மருத்துவம் படித்தவளல்லள். பக்கவாதத்தில் விழுந்த என் மாமியாரை இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அவ்வளவே. மாமி இன்று இல்லை. அவர்கள் வஃபாத்தான நாளில், குளிப்பாட்ட வந்த பெண்கள், “முதுகில் ஒரு புண்கூட இல்லையே” என்று வியந்து சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பும் அறிவும் இருந்தன என்பதை நான் அறிவேன்.

தோல் எப்படிக் கெடுகிறது?

மாமி மருத்துவமனையில் பதினேழு நாள் இருந்து வீடு திரும்பியபோது, இடுப்புக்குக் கீழே தோல் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. தொட்டால் துடித்தார்கள். பேச்சு குழறினாலும் வலியைக் கண்கள் பேசின. நாங்கள் படுக்கைப்புண் என்றே அஞ்சினோம். பின்னர் வீடு தேடி வந்த செவிலியர் ஒருவர் பார்த்துவிட்டு, “அக்கா, இது படுக்கைப்புண் இல்லை. ஈரம் ஊறியதால் வந்த புண். இரண்டுக்கும் மருந்து வேறு” என்றார்.

அவர் விளக்கியதையும், பின்னர் நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். எலும்பு புடைத்த இடத்தில் உடலின் பாரம் அழுத்தி, இரத்த ஓட்டம் நின்று, உள்ளிருந்து வெளியே வருவது படுக்கைப்புண். சிறுநீரும் மலமும் பட்டு, வெளியிலிருந்து உள்ளே போவது ஈரப்புண். முன்னதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதே முதல் மருந்து. பின்னதற்குத் தோலைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்து, மேலே ஒரு காப்புப் படலம் இடுவதே மருந்து. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து வருவதும் உண்டு. ஈரத்தில் ஊறிய தோல் அழுத்தத்தையும் உராய்வையும் தாங்காது.

நம் உடலின் மிக வெளிப்புறத்து அடுக்கு, பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். செங்கல் அடுக்கி இடையில் சாந்து பூசியதுபோல் அது அமைந்துள்ளது. உயிரணுக்கள் செங்கல், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருள் சாந்து. அந்தச் சாந்து இருக்கும்வரை வெளியிலுள்ள நஞ்சு உள்ளே புகாது. உள்ளேயுள்ள நீர் வெளியே ஆவியாகாது. மேலும், நலமான தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத்தன்மை உடையது. அமில காரத்தை அளக்கும் பி.எச். கணக்கில் அது ஏறக்குறைய 5. நாம் தேய்க்கும் சாதாரணச் சோப்போ 9 முதல் 10 வரை காரம் உடையது. சிறுநீர் தோலில் தங்கினால், நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன; காரம் ஏறுகிறது. காரம் ஏறியதும், மலத்தில் இருக்கும் செரிமானப் பொருள்கள் வேகம் பெற்றுத் தோலையே செரிக்கத் தொடங்குகின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து பட்ட இடம் விரைவில் புண்ணாவது இதனால்தான்.

இப்போது நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சிவந்துவிட்டதே என்று பதறி, சோப்பை இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். வாளி நீரில் கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றுகிறோம். முரட்டுத் துண்டால் பரபரவென்று துடைத்து, மேலே பவுடரைக் கொட்டுகிறோம். ஒவ்வொன்றும் அன்பினால் செய்வதுதான். ஆனால் சோப்பின் காரம் சாந்தைக் கரைக்கிறது. துண்டு செங்கலைப் பெயர்க்கிறது. பவுடர் ஈரத்தோடு குழைந்து தொடையிடுக்கில் கட்டியாகி உரசுகிறது.

அரியலூர்க் கைகள் சொல்வது

காரம் தோலை என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து அரியலூருக்குச் சென்று கொத்தனார்களின் கையைப் பார்த்தால் போதும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாய்க் கிடந்த மண் அது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே அம்மாவட்டத்தின் சிமெண்டு ஆலைகள் நிற்கின்றன. என் தங்கை வாழ்க்கைப்பட்டது அங்கேதான். அவள் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. நீர் கலந்த சிமெண்டின் காரம் பி.எச். 12-க்கும் மேலே. அதில் சிறிதளவு குரோமியமும் இருப்பதால், சிலருக்கு ஆயுள் முழுதும் தீராத ஒவ்வாமை வந்துவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் 2005-ஆம் ஆண்டு முதல், சிமெண்டில் நீரில் கரையும் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே செய்துவிட்டன.

மேஸ்திரி தம் வேலையாட்களிடம் சொல்வது ஒன்றுதான்: “சிமெண்டு பட்டால் துடைக்காதே, கழுவு.” அவர் சொல்வது முற்றும் சரி. ஈரச் சிமெண்டைத் தாளால் துடைத்தால் அது பரவித்தான் போகும். ஓடும் நீரில் நன்றாகக் கழுவியே போக்க வேண்டும். வேலை முடிந்ததும் கைகழுவி, ஈரம் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவுவது அவருடைய வழக்கம். கழுவுதல், ஒற்றுதல், பூசுதல் என்ற மூன்று சொற்களில் தோல் காக்கும் கலை முழுவதும் அடங்கிவிடுகிறது. லோஷன் கலந்த தாள் என்பது இந்த மூன்று வேலையையும் ஒரே வீச்சில் செய்ய முயலும் ஒரு கருவி. அது எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதே கேள்வி.

தாள் வந்த வழி

தாளால் துடைப்பதைக் கண்டு முகம் சுளித்த முதல் ஆட்கள் நாமல்லோம். ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851-ஆம் ஆண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் அரபு நூல், சீன நாட்டையும் இந்திய நாட்டையும் பற்றிக் கடலோடிகள் சொன்ன செய்திகளைக் கொண்டது. சுலைமான் என்னும் வணிகரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. சீனர்கள் மலசலம் கழித்தபின் நீரால் கழுவுவதில்லை, தாளால் துடைத்துக்கொள்வதோடு சரி என்று அந்நூல் வியப்போடு குறிப்பிடுகிறது. நீரால் தூய்மை பேணிப் பழகியவரின் வியப்பு அது.

அமெரிக்காவில் 1857-இல் ஜோசப் கயெட்டி என்பவர் முதன்முதலாக இதற்கென்றே தாள் செய்து விற்றார். அந்தத் தாளில் அவர் சேர்த்தது என்ன தெரியுமா? கற்றாழை! தோலுக்கு இதம் தரும் பொருளைத் தாளில் ஏற்றும் எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. 500 தாளுக்கு 50 சென்ட் விலை. முதல் உலகப் போரின்போது பஞ்சுக்குப் பதிலாகக் காயக்கட்டுக்குப் பயன்பட்ட மரக்கூழ்ப் பொருளிலிருந்து, 1924-இல் முகம் துடைக்கும் ‘க்ளீனெக்ஸ்’ தாள் பிறந்தது. ஒப்பனைக் களிம்பைத் துடைக்கவே அது விற்கப்பட்டது. மக்களோ சளி சிந்த அதைப் பயன்படுத்தினார்கள். ஐப்பசி அடைமழையில் சளி பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்து, மூக்கின் ஓரம் புண்ணாவதை எல்லோரும் அறிவோம். தாளில் மெல்லிய லோஷன் பூச்சு இருந்தால் உராய்வு குறைகிறது. பூச்சுத் தாளின் பயன் அதுவே. 1950-களின் இறுதியில் ஆர்தர் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் ஈரத் தாளைச் சிறு உறையில் அடைத்தார். உணவகங்களில் கைதுடைக்கத் தொடங்கிய அது, பின்னர் குழந்தையின் தொட்டிலுக்கும் முதியவரின் கட்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

ஆய்வுகள் கூறுவது

முதியோருக்கான துடைதாள்களில் சிலவற்றில் டைமெத்திக்கோன் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. அது தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாய்ப் படிந்து, அடுத்த முறை சிறுநீர் படும்போது அது உள்ளே ஊறாமல் தடுக்கிறது. பெல்ஜியம் நாட்டு முதியோர் இல்லங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. ஒரு பிரிவினரை 3 விழுக்காடு டைமெத்திக்கோன் ஏற்றிய துடைதுணியால் துடைத்தார்கள். மற்றப் பிரிவினரை நீரும் காரமற்ற சோப்பும் கொண்டு கழுவினார்கள். தொடக்கத்தில் இரு பிரிவிலும் ஏறக்குறைய 22 விழுக்காட்டினருக்கு ஈரப்புண் இருந்தது. 120 நாள் கழித்து, துடைதுணிப் பிரிவில் அது 8 விழுக்காடாய்க் குறைந்தது. கழுவிய பிரிவில் 27 விழுக்காடாய் ஏறியது.

இந்தக் கணக்கைக் கண்டு, நீர் கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கழுவியபின் ஒவ்வொரு முறையும் ஈரம் ஒற்றி, காப்புக் களிம்பு இட வேண்டும். பல நோயாளிகளைப் பார்க்கும் பணியாளருக்கு அதற்கு நேரமும் பொறுமையும் வாய்ப்பதில்லை. பூச்சு ஏற்றிய துணியிலோ அந்தப் படி மறக்கவே முடியாதபடி உடன் வந்துவிடுகிறது. வெற்றி அதனுடையது.

குழந்தைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங் குழந்தைகளை வைத்துச் செய்தது, 2012-இல் வெளியானது. நல்ல துடைதாளால் துடைத்தாலும், பஞ்சும் நீரும் கொண்டு துடைத்தாலும், தோலின் ஈரப்பதத்தில் வேறுபாடில்லை என்று அது கண்டது. அந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது குழந்தைப் பொருள்கள் விற்கும் நிறுவனமே என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். எப்படியாயினும், நீரும் பஞ்சும் தாளுக்குத் தோற்கவில்லை. நலமான குழந்தைக்கு வீட்டில் இருக்கும்போது அவையே போதும். பயணத்தில் தாள் கைகொடுக்கட்டும்.

உறையைப் படியுங்கள்

என் கொழுந்தனார் துபாயிலிருந்து ஒருமுறை அனுப்பிய பொதிகளில் இரண்டு வகைத் தாள்கள் இருந்தன. ஒன்றைப் பிரித்தால் அறை முழுதும் பூந்தோட்டம் போல் மணந்தது. வீட்டுக்கு வரும் செவிலியர் உறையைத் திருப்பிப் படித்து, அதைத் தனியே எடுத்து வைத்தார். “இது மேசை துடைக்க ஆகும் அக்கா. பாட்டிம்மாவுக்கு வேண்டாம்” என்றார். மணமற்ற மற்றதைக் கையில் கொடுத்தார்.

அவர் பார்த்தவை மூன்று. முதலாவது, ஆல்கஹால். அது தோலின் கொழுப்பைக் கரைக்கும். புண்ணில் பட்டால் எரியும். இரண்டாவது, வாசனைப் பொருள். ஒவ்வாமைக்கு அது முக்கியமான காரணங்களுள் ஒன்று. மூன்றாவது, மெத்தில் ஐசோதயசோலினோன் என்னும் பதப்படுத்தும் பொருள். ஈரத் தாள் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஏதேனும் ஒரு பதப்படுத்தி வேண்டும்தான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பொருளால் உலகின் பல நாடுகளில் கைகளிலும், குழந்தைகளின் முகத்திலும் பிட்டத்திலும் கொப்புளங்கள் தோன்றின. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2013-இல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்து எச்சரித்தது. தோலில் தங்கிவிடும் பூச்சுகளிலும் துடைதாள்களிலும் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது.

ஆகவே சகோதரிகளே, சபரில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கு நீங்கள் எழுதி அனுப்ப வேண்டியது இதுதான்: மணமில்லாதது, ஆல்கஹால் இல்லாதது, இந்தப் பொருள் இல்லாதது. பெயர் பெற்ற சரக்கா, விலை உயர்ந்த சரக்கா என்பது இரண்டாம் பட்சம்.

“சுத்தமாயிருமா?”

மாமிக்கு இதிலெல்லாம் மனம் செல்லவில்லை. அவர்களுடைய கவலை வேறு. நினைவு தெளிவாக இருந்த நாளொன்றில், குழறிய நாவால், “ஏம்மா, இந்தக் காயிதத்தால தொடச்சா சுத்தமாயிருமா? நான் தொழணுமே” என்று கேட்டார்கள். எட்டு வயதில் தொடங்கிய தொழுகையை விடாதவர்கள் அவர்கள். தோலின் வலியைவிட அந்த ஐயம் அவர்களை வாட்டியது.

என் கணவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டு வந்தார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: நீர் கிடைத்து, நோயாளி அதைத் தாங்கவும் கூடுமானால் நீரே மேல். கல், துணி போன்ற தூய பொருள்களால் துடைத்துத் தூய்மை செய்யவும் மார்க்கத்தில் இடமுண்டு. அதற்கு உரிய நிபந்தனைகள் உண்டு. நீர் தீங்கு தரும் நோயாளிக்குத் தயம்மும் இருக்கிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், உட்கார இயலாதவர் படுத்தும் தொழலாம். நோயாளியின் மீது மார்க்கம் பாரம் ஏற்றவில்லை. மத்ஹபுக்கு மத்ஹபு நுணுக்கங்கள் வேறுபடுவதால், ஒவ்வொருவரும் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

அதன்படி நாங்கள் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டோம். முதலில் தாளால் அழுக்கை முன்னிருந்து பின்னாக, மெல்ல ஒற்றி எடுப்பது. தொழுகைக்கு முன்பு, கீழே உறிஞ்சு விரிப்பை இட்டு, வெதுவெதுப்பான நீரை ஒரு குவளையால் வார்ப்பது. பின்பு மெத்தென்ற துணியால் ஒற்றி உலர்த்துவது. கடைசியாகக் காப்புப் பூச்சு. நடுநிசியிலும், காய்ச்சலில் உடல் நடுங்கும்போதும், உதவிக்கு இரண்டாம் ஆள் இல்லாதபோதும் தாள் மட்டும். இப்படிச் செய்தபின் மாமியின் முகத்தில் வந்த அமைதியை எந்த லோஷனும் தந்திருக்க முடியாது.

நம் மண்ணின் துணி

இந்தத் தாளுக்கு மாதந்தோறும் பணம் செலவழிக்க எல்லோராலும் இயலுமா? சபரில் ஆளில்லாத வீடுகள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பெரம்பலூர் பருத்தி விளையும் சீமை. பறித்த பஞ்சை அப்படியே நீரில் போட்டுப் பாருங்கள். எளிதில் நனையாது, மிதக்கும். காரணம், ஒவ்வோர் இழையின் மேலும் இயற்கையான மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. நம் தோலுக்குக் கொழுப்புப் படலம் தந்த இறைவன், பஞ்சிழைக்கும் அதன் காப்பைத் தந்திருக்கிறான். அந்த மெழுகை நீக்கிய பிறகுதான் பஞ்சும் துணியும் ஈரத்தை உறிஞ்சும். பலமுறை துவைத்துப் பழகிய வேட்டியும் வெள்ளைத் துப்பட்டியும் புதுத் துணியைவிட மிருதுவாகவும் நன்றாக உறிஞ்சுவனவாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். மாமியின் பழைய துப்பட்டிகளை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் உலர்த்தி அடுக்கி வைத்திருந்தோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்தால் அதுவே ஈரத் துடைதாள். மலம் பட்ட துணியை எறிந்துவிடலாம். மற்றவற்றைத் துவைத்துக் காய்ச்சி மீண்டும் பயன்படுத்தலாம்.

காப்புப் பூச்சுக்கும் வழி உண்டு. அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் காயத்துக்குத் தடவிய மெழுகிலிருந்து உருவாகி, 1872-இல் காப்புரிமை பெற்ற வாசலின், இன்று பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. சிவப்பு மிகுந்தால், மருத்துவரைக் கேட்டுத் துத்தநாகக் களிம்பு இடலாம். சிவப்பு இல்லாத தோலுக்குத் தேங்காய் எண்ணெயே மெல்லிய படலம் தரும். எதையும் அப்பிவிடக் கூடாது. டயப்பர் ஈரத்தை உறிஞ்சாமல் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பூச்சின் வலிமையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் மென்மையாகப் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. தோலின் காப்பு உறுதியானால் கிருமிக்கு வாசல் அடைபடுகிறது.

ஒன்று மறக்க வேண்டாம். துடைதாளைக் கழிப்பறைப் பீங்கானில் போட்டு நீர் ஊற்றிவிடாதீர்கள். பார்வைக்குத் தாளாக இருப்பினும், பெரும்பாலானவற்றில் பாலியெஸ்டர் இழை கலந்திருக்கிறது. அது கரையாது. லண்டன் மாநகரின் சாக்கடையில் 2017-இல் இத்தகைய தாள்களும் கொழுப்பும் இறுகி, 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட அடைப்பாகிக் கிடந்ததை உலகமே கண்டது. நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி எம்மாத்திரம்? பொதிந்து குப்பையில் சேர்ப்பதே நல்லது.

யாருடைய கை?

தாளைப் பற்றி இவ்வளவும் சொன்னபின், சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. தாள் தானாகத் துடைப்பதில்லை. ஒரு கை துடைக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் வீட்டு மருமகளுடையது. இரவு இரண்டு மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் எழுந்து புரட்டிப் போடும் கை அது. அதற்கும் காப்பு வேண்டும். ஓயாமல் சோப்பில் நனையும் அவள் விரல்களும் வெடிக்கின்றன. அவளுக்கும் கையுறையும் எண்ணெயும், அவற்றினும் மேலாக ஓர் இரவு முழுத் தூக்கமும் தேவை.

மறைவிடம் பேணுவது பெண்களின் பொறுப்பு என்று ஆண்கள் ஒதுங்கிவிட வேண்டாம். புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பை மாற்றுவது, துணிகளைக் காய்ச்சுவது, இரவில் ஒரு முறை விழித்துக் கொள்வது ஆகியவற்றை மகன் செய்யலாம். விடுப்பில் வந்த என் கொழுந்தனார் நாற்பது நாளும் இரவு முறையைத் தாமே ஏற்றார். அந்த நாற்பது இரவுகள் அவர் அனுப்பிய அத்தனை பெட்டிகளுக்கும் மேலானவை என்று மாமியே சைகையால் சொன்னார்கள்.

துடைக்கும்போது மேலே ஒரு துணி போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் விலக்குங்கள். “இப்போது திருப்பப் போகிறேன், மாமி” என்று சொல்லிவிட்டுத் திருப்புங்கள். மையித்தைக் குளிப்பாட்டும்போதுகூட மறைத்துத் துணியிட்டு, நோகுமோ என்பதுபோல் மென்மையாகத் தொடுகிறோமே. உணர்வுள்ள உடலுக்கு அந்தக் கண்ணியம் அதற்கு முன்பே உரியதன்றோ?

உதவியும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்க இடம் வைத்தார்கள். எங்களுக்குத் தோலைப் படிக்கக் கற்றுத்தந்ததும் அப்படி வீடு தேடி வந்த செவிலியரே. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் வேரூன்றிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புறத்தில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களாலேயே வளர்ந்தது. நம் ஜமாஅத்துகளும் மஹல்லாவுக்கு நான்கு பெண்களையும் நான்கு ஆண்களையும் இதற்குப் பழக்கினால், எத்தனை வீடுகளில் சுமை இறங்கும்!

தோல் சிவந்து இரண்டு நாளில் மாறவில்லையெனில், கொப்புளமோ, கறுப்போ, துர்நாற்றமோ, காய்ச்சலோ கண்டால், தாளையும் எண்ணெயையும் நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற நாட்களில், நீரோ தாளோ பழந்துணியோ உங்களுக்கு எது வாய்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லத் துடையுங்கள், ஒற்றி உலர்த்துங்கள், மெல்லியதாய்ப் பூசுங்கள். நம்மைத் துடைத்து வளர்த்தவர்கள் அன்று முகம் சுளிக்கவில்லை.